ஊர்க் கபடிக் குழுவின் வரலாற்றை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளம். வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி, நம்புதாளை. தெற்கே வாலிநோக்கம், மூக்கையூர், ரோச்மா நகர். கபடி ஆடாத ஊரை இந்த நீளத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தன் குழு எப்படித் தொடங்கியது, யார் யார் ஆடினார்கள் என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருக்கும் ஊரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. வெள்ளிவிழா, பொன்விழா என்று மலர் போட நினைக்கும் இளைஞர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கைப்பந்து, கால்பந்து, பாய்மரப் படகுப் போட்டிக் குழுக்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் குழு சிறியது. மாநில அளவில் எதுவும் வென்றதில்லை. எழுத என்ன இருக்கிறது?

வென்ற கோப்பைகளின் பட்டியல் வரலாறு ஆகாது. திடலிலிருந்து தொடங்குங்கள். அந்த இடம் யாருடையது? கோயிலுக்கா, ஜமாஅத்துக்கா, தேவாலயப் பங்குக்கா, புறம்போக்கா? கருவேல மரங்களை வெட்டிச் சமப்படுத்தியவர்கள் யார்? மணல் எங்கிருந்து வந்தது, யாருடைய மாட்டுவண்டியில் வந்தது? மின்னொளிப் போட்டி நடத்த முதன்முதலில் எந்த வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள்? அதற்கு முன் பெட்ரோமாக்ஸ் விளக்கை யார் வாடகைக்குக் கொடுத்தார்? வெளியூர் அணிகளுக்கு எந்தத் தெருவில் சோறு போட்டார்கள்? இவற்றுக்குப் பதில் எழுதினாலே அந்த ஊரின் ஐம்பது ஆண்டு வாழ்க்கை கண்முன் வந்துவிடும். மாநிலக் கோப்பை வென்ற அணியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிடும். உங்கள் ஊரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் ஒரு திடல் இருக்கிறது. அதன் தொடக்கத்தை 1299 என்கிறார்கள். 1776 முதல் அங்கே ஒரு போட்டி நடந்துவருகிறது. வென்றவருக்கு ‘சர்’ பட்டம். அதன்பின் அவர் அந்தப் போட்டியில் ஆடக்கூடாது, நடுவராகத்தான் இருக்க வேண்டும். உலகை வெல்லும் ஆட்டம் ஒன்றும் அங்கே நடக்கவில்லை. வென்றவர் பெயரை விடாமல் குறித்து வைத்தார்கள், அவ்வளவுதான். நம் ஊர்களில் 1970களின் சுழற்கோப்பையை யார் யார் வென்றார்கள் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறார்கள்.

எங்கே தொடங்குவது? பதிவேட்டிலா, படங்களிலா?

இரண்டிலும் இல்லை. ஊரில் உயிரோடு இருக்கும் மிக மூத்த ஆட்டக்காரரிடம் தொடங்குங்கள். காகிதம் அடுத்த ஆண்டும் அலமாரியில் இருக்கும். எண்பது வயதுக்காரரைப் பற்றி அப்படி நம்பிக்கொண்டிருக்க முடியாது.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடலில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருக்கிறது. கடலுக்குப் போகும் நாளில் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்வது சரியல்ல. வலை பின்னும் நேரம் நல்ல நேரம். கை தன் வேலையைப் பார்க்கும். வாய் தடையில்லாமல் பேசும். விசைப்படகு ஊர்களில் மீன்பிடித் தடைக்காலம் இன்னும் நல்லது. ஒருவரைத் தனியாகப் பார்த்த பிறகு, அவரோடு ஆடிய இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகளில் அது யாருடைய குரல் என்றே தெரியாமல் போகும்.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவில்லையே?

இருக்காது. ஆண்டைக் கேட்கவும் கூடாது. “அது எந்த வருடம் ஐயா?” என்று கேட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் மலரில் அச்சாகிவிடும். பிறகு அதுவே உண்மையாகிவிடும். ஆண்டு தெரிந்த பொது நிகழ்ச்சி ஒன்றோடு அவருடைய நினைவைக் கட்டுங்கள்: “அதற்கு முன்னாலா, பின்னாலா?”

நம் கடற்கரைக்கு இதில் பஞ்சமே இல்லை. முதலாவது, தனுஷ்கோடியை அழித்த புயல். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி அடித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அந்தப் புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் ராமேஸ்வரம் தீவில் எந்தப் பெரியவரும் தடுமாற மாட்டார். அடுத்தது பாம்பன் சாலைப் பாலம். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்கு முன் தீவுக்குப் போக 1914இல் திறந்த ரயில் பாலம்தான் வழி. ஆகவே தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஆடப்போனதைச் சொல்லும்போது “பஸ்ஸிலேயே இறங்கினோம்” என்றால் அது 1988க்குப் பிந்தைய ஆட்டம். “ரயிலைப் பிடிக்க இறுதி ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தார்கள்” என்றால் முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது 1980களின் முற்பகுதி வரை. மண்டபம் முகாமுக்கு இலங்கை அகதிகள் பெருமளவில் வரத் தொடங்கியது 1983. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. மீட்டர் பாதை அகலப் பாதையாகி ராமேஸ்வரத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது 2007. அப்துல் கலாமைப் பேக்கரும்பில் அடக்கம் செய்தது 2015 ஜூலை 30. இளையவர்களுக்கும் இந்த முறை பயன்படும்; பத்து ஆண்டுக்கு முந்தைய போட்டியையே அவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

தடைக்காலமும் ஒரு துப்பு. தமிழகத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 45 நாள் தடை வந்தது 2001இல். 2017 முதல் அது 61 நாளாகி ஜூன் 14 வரை நீண்டது. “தடைக்காலத்தில் நடத்திய போட்டி” என்று ஒருவர் சொன்னால் அது 2001க்கு முன் இருக்க முடியாது.

சொந்த வாழ்க்கையையும் கேளுங்கள். அப்போது திருமணம் ஆகிவிட்டதா? மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா? யாருடைய வத்தையில் கடலுக்குப் போனீர்கள்? நூல் வலையா, நைலான் வலையா? ஒன்று மட்டும் வேண்டாம்: ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த ஆசிரியர் போட்ட தேதிதான் பிறந்த தேதி.

பழைய நோட்டீஸ் கிடைத்தது. மாதமும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. என்ன செய்வது?

முதலில் தமிழ் ஆண்டுப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்பும். ‘குரோதி’ என்றிருந்தால் 1964-65 அல்லது 2024-25. காகிதத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஜமாஅத் சார்பில் அச்சான நோட்டீஸ்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது நேரடி விடை.

தேதியும் கிழமையும் மட்டும் இருந்தால் பழைய நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள். ஒரு தேதி அதே கிழமையில் பெரும்பாலும் 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில் திரும்ப வரும். இப்படி நாலைந்து ஆண்டுகள் கைக்கு வரும். மற்றத் துப்புகளால் அவற்றை ஒன்றாகக் குறைக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததற்கு முந்தையது அல்லது அதையொட்டியது. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரி 14க்கு முந்தையது. முகவரியில் 623526 போன்ற ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள். ‘லை’, ‘னை’ ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்திருந்தால் பழைய அச்சு. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சிறு அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தின. மறுபக்கம், பெரியாரின் ‘குடிஅரசு’ 1935 முதலே புதிய வடிவங்களில் வந்தது, இயக்கத் தோழர்கள் அச்சிட்ட நோட்டீஸும் அப்படி இருக்கலாம்.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அந்த அச்சகம் எப்போது தொடங்கி எப்போது மூடப்பட்டது என்று அந்த ஊர்க் கடைத்தெருவில் விசாரியுங்கள். தலைவர், முன்னிலை, வரவேற்புரை என்று வரிசையாக வரும் பெயர்களையும் விடாதீர்கள். ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று போட்டிருந்தால் அவர் பதவியில் இருந்த காலம்தான் நோட்டீஸின் காலம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டைத் தொடக்க ஆண்டாகப் போடலாமா?

போடக்கூடாது. பதிவு செய்த ஆண்டு வேறு, ஆடத் தொடங்கிய ஆண்டு வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் 1860ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஊர்க் குழுக்கள் ஏதாவது ஒரு தேவைக்காகத்தான் பதிவாளர் அலுவலகப் படியேறும்: வங்கிக் கணக்கு, மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவகேந்திராவின் விளையாட்டுப் பொருள்கள், திடலுக்கான மனு. நேரு யுவகேந்திராவே 1972இல் தொடங்கியதுதான். ‘இளைஞர் நற்பணி மன்றம்’ என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் அதைவிடப் பழைய ஆட்டக்கூட்டம் ஒன்று இருக்கலாம். “இந்த ஆண்டு முதல் ஆடியதாக இன்னார் சொல்கிறார், இந்த ஆண்டு பதிவு செய்யப்பட்டது” என்று இரண்டையும் எழுதுங்கள். பக்கத்து ஊரைவிடப் பழையவர்கள் என்று காட்டுவதற்காகப் பத்து ஆண்டு கூட்டிப் போடும் வழக்கம் பரவிவருகிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு பொய் ஆண்டு தெரிந்துவிட்டால் மலரின் மற்றப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

1970களில் ‘மாவட்டச் சாம்பியன்’ என்று சான்றிதழ் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது?

பெருமையாக எழுதுங்கள், விளக்கத்தோடு எழுதுங்கள். 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகங்கை, காரைக்குடி, விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் எல்லாம் அடக்கம். 1985 மார்ச்சில்தான் அது மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் மாவட்டத்தில் முதலிடம் என்றால், இன்றைய மூன்று மாவட்ட அணிகளையும் வென்றதாகப் பொருள். தேவிபட்டினத்திலோ திருப்பாலைக்குடியிலோ இருந்து புறப்பட்ட பையன்கள் மில் ஊர்களின் அணிகளை எதிர்த்து ஆடியிருக்கலாம். இன்று படிப்பவருக்கு நீங்கள் சொல்லாவிட்டால் இது தெரியாது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ‘இந்தியாவுக்கு ஆடினார்’ என்கிறார்கள். எழுதலாமா?

சான்றிதழைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தேசிய அளவிலான போட்டியில் தமிழ்நாட்டுக்காக ஆடியதையும், பல்கலைக்கழக அணியில் வடநாடு போய் ஆடியதையும் ஊரில் ‘இந்தியாவுக்கு ஆடினார்’ என்று சொல்லிவிடுவார்கள். அவையும் சிறிய சாதனைகள் அல்ல. உள்ளபடி எழுதினால் போதும். பல்கலைக்கழகத்தின் பெயரே காலத்தைச் சொல்லிவிடும்: 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் வந்தது.

நாட்டு அணி என்றால் ஆண்டைச் சரிபாருங்கள். முதல் ஆசியக் கபடிப் போட்டி 1980இல் கல்கத்தாவில் நடந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சிப் போட்டி மட்டுமே. பதக்கப் போட்டியானது 1990 பெய்ஜிங்கில். 1975இல் ஆசியப் பதக்கம் என்று யாராவது சொன்னால் அன்போடு மீண்டும் விசாரியுங்கள்.

பழைய ஆட்டங்களின் புள்ளிக் கணக்கு இன்றைய கணக்கோடு ஒத்துப்போகவில்லையே?

போகாது. ஆட்ட முறையே வேறாக இருந்திருக்கலாம். மூன்று பழைய முறைகள் உண்டு. சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம்மில் வெளியேறியவர் ஒருவர் உள்ளே வருவார். இன்றைய விதி இதை ஒட்டியது. காமினியில் வெளியே போனவர் போனவர்தான், அணி முழுதும் காலியாகும்வரை திரும்ப முடியாது. அமர் முறையில் தொடப்பட்டவர் வெளியேறவே மாட்டார், புள்ளி மட்டும் எதிரணிக்குச் சேரும். எந்த முறையில் ஆடினார்கள், திடலின் நீள அகலம் என்ன, பாடிப் போகிறவர் மூச்சு விட்டாரா என்பதை நடுவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் உற்சாகமாக எழுந்து நின்று ஆடியே காட்டுவார்கள். அதை வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் ஒரு காலடி வைப்பு புரியாது.

இன்றைய ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர், ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர் திடல், 20 நிமிடம் கொண்ட இரு பாதிகள், ஒருமுறை பாடிப் போக 30 நொடி. 2014இல் புரோ கபடி தொடங்கிய பிறகு விரிப்பில் ஆடப் பழகாத மணல் திடல் பையன்களுக்குத் தேர்வில் சிரமம் கூடியிருக்கிறது. கால் வேறு விதமாக வழுக்குகிறது, காலணி தேவைப்படுகிறது. உங்கள் ஊரில் இது எப்படி நடந்தது என்பதும் வரலாறுதான். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மணலுக்கென்றே அணிக்கு நால்வர் ஆடும் கடற்கரைக் கபடியும் இருக்கிறது. 2008 பாலி ஆசியக் கடற்கரை விளையாட்டில் அது இடம்பெற்றது.

சண்டை, சாதி, குழு இரண்டாக உடைந்தது, இவற்றையெல்லாம் எழுதலாமா?

எழுத வேண்டும். குழு உடைந்ததை மறைத்தால், ஒரே தெருவில் இரண்டு குழு ஏன் இருக்கிறது என்பது அடுத்த தலைமுறைக்குப் புரியாது. எந்தத் தெருப் பையன்களை அணியில் சேர்க்கவில்லை, எப்போது சேர்க்கத் தொடங்கினார்கள், யார் அதற்காக நின்றார் என்பதை எழுதாத மலர் முழுமையானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் எல்லா மதத்தவரும் கூடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லும் கடற்கரை இது. அந்தப் பெருமைக்குத் திடலும் கணக்குச் சொல்ல வேண்டும்.

எழுதும் முறையில் கவனம் தேவை. காவல் நிலையம் வரை போன விஷயங்களில் தனிநபர் பெயர்களைத் தவிர்த்து நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இரு தரப்பையும் கேளுங்கள். இறந்தவரைப் பற்றி எழுதியதை அச்சுக்கு முன் அவர் குடும்பத்தாரிடம் படித்துக் காட்டுங்கள்.

பெண்களைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

கேட்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். பள்ளியில் ஆடி, திருமணத்தோடு நிறுத்திய பெண்கள் ஊரில் இருப்பார்கள். மணமாகி வேறு ஊர் போயிருந்தால் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர்களைக் கேளுங்கள். பெயர்கள் அவர்கள் நினைவில் இருக்கும். ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்ந்ததே 2010 குவாங்சோவில்தான். அதற்கு முன் ஆடியவர்கள் ஆசிய விளையாட்டு வரை போக வழியில்லாமல் ஆடியவர்கள். வெளியூர் அணிகளுக்கு இரவு முழுதும் சமைத்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். ‘தாய்மார்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

பழைய படங்களும் கோப்பைகளும் பாழாகின்றன. எப்படிக் காப்பது?

உப்புக்காற்றும் ஈரமும்தான் நமக்குப் பகை. படங்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் பின்னால் பிரிக்க முடியாத சேதம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், சட்டத்தோடே படம் எடுங்கள். ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டுத் தனித்தாளில் எழுதுங்கள். பெயர் இல்லாத குழுப்படத்தால் யாருக்கும் பயனில்லை.

கோப்பையைப் பளபளப்பாக்கத் தேய்ப்பதற்கு முன் அதில் பொறித்திருப்பதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பழைய பத்திரிகைச் செய்திகள் எங்கே கிடைக்கும்?

முதலில் ஆட்டக்காரர்களின் வீட்டு டிரங்குப் பெட்டியில். பிறகு சென்னைக் கன்னிமாரா நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தேதி ஓரளவு தெரியாமல் அங்கே போனால் நாள்கள்தான் வீணாகும். மேலே சொன்ன முறைகளால் மாதத்தையாவது கண்டுபிடித்துவிட்டுப் போங்கள்.

அச்சிடப் பணம் கொடுப்பவர்கள் முதல் பக்கத்தில் தங்கள் படம் வேண்டும் என்கிறார்களே?

நன்றிப் பக்கம் கடைசியில் இருக்கட்டும். முதல் பக்கம் ஆடியவர்களுக்கு. இதை ஒப்புக்கொள்ளாதவரின் பணம் வேண்டாம். பக்கத்தைக் குறைத்து, கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள்.

மலர் வெளிவந்த பிறகு மூலப்பொருள்களை என்ன செய்வது?

அசல்களை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியபோது போட்ட பட்டியலில் கையெழுத்தும் வாங்குங்கள். குரல் பதிவுகளையும் ஸ்கேன் செய்த படங்களையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை ஊருக்கு வெளியே வைத்திருங்கள். புயல் வரும் கரையில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது. மலரின் பிரதிகளை ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் அனுப்புங்கள். பக்கத்து ஊர்க் குழுவுக்கும் ஒன்று கொடுங்கள்; உங்களிடம் தோற்ற ஆட்டங்களைப் பற்றி அவர்கள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள், இரண்டாம் பதிப்புக்கு அது வேண்டும்.